10 பவுண்டுக்கு விலைபோன கார் கம்பெனி! எம்.ஜி. பெயர் பிழைத்த கதை

காரைக்கால்: எம்.ஜி. என்றால் நம்மூரில் எம்.ஜி.ஆர். ஞாபகம்தான் முதலில் வரும். ஆனால் ரோட்டில் போகும் காரில் எட்டு மூலை கட்டத்துக்குள் மின்னும் 'எம்.ஜி.'க்கு வயது 100ஐ தாண்டிவிட்டது. 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம் அது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் கார் விற்ற கடை. 1920களில் அங்கு மேனேஜராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மோரிஸ் காரின் பாடியை மாற்றி ஸ்போர்ட்ஸ் காராக விற்க ஆரம்பித்தார்.

ஆக, குடும்ப காரை பந்தய காராக்குவது இவர்களுக்கு பிறவிக்குணம்!

1962ல் வந்த 'எம்.ஜி.பி.' கார் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. 1980ல் அபிங்டன் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அதன்பின் பெயர் கைமாறி, கைமாறி ரோவர் கம்பெனியோடு ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.விடம் போய் சேர்ந்தது. நஷ்டம் தாங்காமல் 2000ம் ஆண்டு மே மாதம் அவர்கள் அதை விற்ற விலை 10 பவுண்டு. லட்சம், கோடி எல்லாம் இல்லை. வெறும் பத்தே பவுண்டு!

என்ன வித்தை?

வாங்கியவர்களிடம் புது கார் தயாரிக்க காசு இல்லை. கையில் இருந்தது ரோவர் 25, 45, 75 ஆகிய 3 கார்கள். பெரிசுகள் ஓட்டும் கார் என்று பெயர் எடுத்தவை. 2001ல் அவற்றையே இசட்.ஆர்., இசட்.எஸ்., இசட்.டி. என்று எம்.ஜி. முத்திரையோடு இறக்கினார்கள்.

சும்மா ஸ்டிக்கர் ஒட்டிய வேலை இல்லை. ஸ்பிரிங்கை விறைப்பாக்கி வண்டியை தரையோடு இறக்கினார்கள். வளைவில் வண்டி சாயாது. வீல் பெரிசு, முன்னால் வலை கிரில், பின்னால் ஸ்பாய்லர், கண்ணை பறிக்கும் கலர். இசட்.ஆரில் 160 எச்.பி. எஞ்சினும் உண்டு, இளவட்டங்களுக்கு கட்டுப்படியாகும் 1.4 லிட்டர் எஞ்சினும் உண்டு. ஓட்டிப் பார்த்த நிபுணர்களே பாராட்டினார்கள்.

பிரான்சில் இருக்கும் காரைக்கால் சொந்தங்களுக்கு இது புதுசு இல்லை. ரெனால்ட் கம்பெனியும் 2010ல் குட்டி கார் டுவிங்கோவுக்கு நீல கலர், வெள்ளை கோடு போட்டு பழைய 'கோர்தினி' பெயரில் விற்றது. ரெனால்ட் பெரிய கை, தாங்கும். எம்.ஜி.யால் தாங்க முடியவில்லை.

காரணம், 25ம் 45ம் 1995ல் வந்த கார்களின் மறு அவதாரம். போட்டி கம்பெனிகள் புது மாடல்களை இறக்கிக்கொண்டே இருக்க, இவர்களோ இருக்கிற காசில் 'மஸ்டாங்' வி-8 எஞ்சினை இசட்.டி.யில் பொருத்தி 2003ல் வேடிக்கை காட்டினார்கள். பேர் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. அதே ஆண்டு நம்ம டாடா இண்டிகாவை வாங்கி 'சிட்டிரோவர்' என்று விற்றுப் பார்த்தார்கள். அதுவும் போணியாகவில்லை.

2005 ஏப்ரலில் கம்பெனி திவால். லாங்பிரிட்ஜ் ஆலையில் சுமார் 6 ஆயிரம் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தனர். ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை செய்த பட்டறைகளுக்கும் அடி.

சீனா வழியாக குஜராத்

அதே ஆண்டு சீனாவின் நான்ஜிங் கம்பெனி எம்.ஜி.யை வாங்கியது. இப்போது அது ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. கையில். குஜராத் ஹலோலில் ஜெனரல் மோட்டார்ஸ் விட்டுப்போன ஆலையை எடுத்து, 2019ல் 'ஹெக்டர்' காரை இறக்கினார்கள். சீனாவில் 'பாவ்ஜுன்' என்று ஓடும் வண்டிதான் அடிப்படை. பின்னர் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமமும் பங்குதாரர் ஆனது.

நிஜ ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவுக்கு வந்தது 2025ல்தான். பெயர் 'சைபர்ஸ்டர்'. பேட்டரி வண்டி, அறிமுக விலை 74.99 லட்சம் ரூபாய். சீட்டு மொத்தமே இரண்டு. குடும்பத்தோடு வேளாங்கண்ணி போக ஹெக்டர்தான் லாயக்கு!