விண்டோஸ், மேக், லினக்ஸ்: குடும்பப் படங்களை எதில் அடுக்குவது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடித்துக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் இருந்தால்தான் ஏறும். அதனால் சிலர் புதுக் கணினி வாங்குகிறார்கள், சிலர் மேக் பக்கம் போகிறார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் இருக்கிற கணினியிலேயே லினக்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். வேர்டு கோப்புகளும் பிடிஎஃப்களும் சிரமமில்லாமல் இடம் மாறிவிடுகின்றன. பாடாய்ப் படுத்துவது பல ஆண்டுப் புகைப்படங்கள்தான்.

படங்களை நகலெடுப்பது ஒரு பெரிய விஷயமில்லை. ஜேபெக் கோப்பு எந்த இயங்குதளத்திலும் திறக்கும். ஆனால் யார் யார் நிற்கிறார்கள், எந்த ஊர்த் திருவிழா, எதற்கு ஐந்து நட்சத்திரம் என்று உட்கார்ந்து குறித்துவைத்தோமே, அந்த உழைப்பு கூடவே வருமா? மென்பொருள் தேர்வில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலானவர்கள் கேட்பதோ, திரை அழகாக இருக்கிறதா என்று.

காகிதப் படத்தின் பின்பக்கம் பேனாவால் பெயர் எழுதுவது ஒரு வழக்கம். தனி நோட்டில் ‘23-ம் எண் படம்: சித்தப்பா கல்யாணம்’ என்று எழுதிவைப்பது இன்னொரு வழக்கம். நோட்டு தொலைந்தால் சித்தப்பாவும் யாரோ ஒருவர்தான். மென்பொருள்களும் இப்படித்தான் இரு வகை. சில, நீங்கள் தரும் தகவலைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும். அல்லது அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு துணைக்கோப்பு வைக்கும். மற்றவை தங்களுடைய தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும்.

கோப்புக்குள் எழுதுவதற்குப் பொதுவான முறைகள் உண்டு. கேமரா தானாகப் பதியும் தேதி, லென்ஸ், ஷட்டர் வேகம் போன்றவை 1995-ல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்ஸிஃப் முறையில் இருக்கின்றன. நாம் சேர்க்கும் விளக்கம், குறிச்சொல், நட்சத்திரம் ஆகியவற்றுக்கு அடோபி நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி இருக்கிறது. 2012-ல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. எக்ஸ்எம்பியில் எழுதப்பட்டதை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்க மென்பொருள்கள் உண்டு.

தமிழில் குறிச்சொல் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல். எக்ஸ்எம்பிக்கு முந்தைய, பத்திரிகைத் துறையிலிருந்து வந்த ஐபிடிசி முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட் எடுக்கும்; ‘மீ’ என்றால் மகரம் ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என ஆறு பைட். ‘மதுரை மீனாட்சியம்மன் கோயில்’ 77 பைட் ஆகிவிடுகிறது. அந்த வரம்பைக் கறாராகப் பின்பற்றும் மென்பொருளில் கோயில் பாதியில் வெட்டுப்படும். எக்ஸ்எம்பியில் இந்தத் தொல்லை இல்லை.

ஃபோல்டர் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு வேறொரு வம்பு. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்து டிஸ்க்குகள் இரண்டாகப் பிரித்தே வைத்தன. அதை அப்படியே லினக்ஸுக்கு நகலெடுத்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கோவில்’ ஃபோல்டர்கள் அருகருகே நிற்கக்கூடும். ஃபோல்டர்களுக்கு 2019-04-14 என்பதுபோல் தேதியை மட்டும் வைத்துவிட்டு, தமிழையெல்லாம் குறிச்சொல்லில் எழுதுவது நிம்மதி.

தரவுத்தளத்தை நம்பியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குப் பிகாசா என்ற பட மென்பொருளே சாட்சி. கூகுள் 2004-ல் வாங்கி இலவசமாகக் கொடுத்த அதை 2016-ல் கைவிட்டது. பிகாசாவில் செய்த திருத்தங்கள், ‘சேமி’ பொத்தானை அழுத்தாதவரை அதன் சொந்தக் குறிப்புக் கோப்பில் மட்டுமே கிடந்தன. அந்தப் படத்தை வேறு மென்பொருளில் திறந்தால் திருத்தாத பழைய படம்தான் தெரியும். ஆப்பிளின் அப்பெர்ச்சரும் இதே வழியில் போனது. 2014-ல் கைவிடுவதாக அறிவிப்பு வந்தது. 2019-ல் வெளியான மேக் ஓஎஸ் கேட்டலினாவில் அது இயங்கவே இல்லை. இரண்டும் சில்லறை நிறுவனங்களின் தயாரிப்புகள் அல்ல.

இன்று இருப்பவற்றில் மூன்று இயங்குதளத்துக்கும் பொருந்துவது டிஜிகேம். 2001-ல் லினக்ஸுக்காகத் தொடங்கிய திறமூல மென்பொருள், இலவசம். முகங்களை இணையத்துக்கு அனுப்பாமல் உங்கள் கணினியிலேயே அடையாளம் காணும். தகவலைப் படத்துக்குள் எழுத வேண்டுமா, துணைக்கோப்பில் எழுத வேண்டுமா என்பதையும் நீங்களே முடிவுசெய்யலாம். நிறுவியதும் அமைப்புகளில் ‘மெட்டாடேட்டா’ பகுதிக்குப் போய் இதைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. குறையும் சொல்லிவிட வேண்டும்: மெனுக்கள் ஏகப்பட்டவை, முதல் வாரம் திணறடிக்கும். அதன் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நெட்வொர்க் டிரைவில் வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறப்பதும் ஆபத்து.

அத்தனை வசதி வேண்டாம், பார்க்கவும் பெயர் மாற்றவும் நட்சத்திரம் போடவும் போதும் என்பவர்களுக்கு எக்ஸ்என்வியூ எம்பி இலகுவானது. அதுவும் மூன்றிலும் ஓடும், சொந்த உபயோகத்துக்கு இலவசம். டார்க்டேபிளைப் பலரும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அது ரா கோப்புகளைப் பதப்படுத்தும் கருவி. கல்யாணப் படங்களை அடுக்க அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தொழில்முறைப் படக்காரர்கள் லைட்ரூம் கிளாசிக்கை விடமாட்டார்கள். விடச் சொல்லவும் முடியாது. அதன் தரவுத்தளமான கேட்டலாக், ஒன்றே விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும். லினக்ஸ் பதிப்பு கிடையாது, மாதச் சந்தா உண்டு. மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் வசதி அதில் இயல்பாக அணைந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இன்றே திறந்து அதை இயக்கிவிடுங்கள். அப்போதும் கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் கேட்டலாக்கிலேயேதான் தங்கும்.

வீட்டில் ஒருவர் ஆண்ட்ராய்டு, ஒருவர் ஐஃபோன் என்றால் கூகுள் ஃபோட்டோஸ்தான் நினைவுக்கு வரும். தேடல் அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். வெளியேற நினைத்து டேக்அவுட் மூலம் எடுத்தால், நீங்கள் எழுதிய விளக்கங்கள் படத்துக்குள் வராமல் தனி ஜேசன் கோப்புகளாக வரும். அவற்றை மீண்டும் படத்தோடு சேர்க்க எக்ஸிஃப்டூல் போன்ற கருவியும் நிறையப் பொறுமையும் வேண்டும். வீட்டிலேயே சர்வர் வைத்து நடத்தும் இம்மிச் நல்ல மாற்று. ஆனால் சர்வரையும் காப்பு நகலையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருந்தால் மட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மென்பொருளுக்கு வெளியே சில வேலைகள் உண்டு. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மட் செய்தால் மூன்று இயங்குதளமும் படிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஐஃபோனின் எச்இஐசி படங்கள் பழைய கணினிகளில் அடம்பிடித்தால், கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றினால் ஜேபெக்காகவே பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் தகவல் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு: வீட்டுக் கணினிக்கு டிஜிகேம், கூகுள் ஃபோட்டோஸ் உறவினர்களுக்குக் காட்டும் நகலுக்கு மட்டும். நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஃபோல்டரில் பத்துப் படங்களைப் போட்டு, தமிழில் விளக்கமும் குறிச்சொல்லும் நட்சத்திரமும் கொடுங்கள். அந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போய், வேறு இயங்குதளம் உள்ள கணினியில், வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுதியது அங்கே தெரியாவிட்டால் அமைப்புகளை மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால், பதினோராவது படத்தை அந்த மென்பொருளிடம் கொடுக்காதீர்கள்.