கனிமத் தூளும் கதிரவன் ஒளியும்

வெயிலில் வைத்தால் நீரிலுள்ள மருந்துக் கழிவை அழித்துவிடும் கனிமத் தூள் ஒன்று உண்டாமே, அதைச் சங்க நிதியில் வாங்கி வாய்க்கால் தலைப்பில் இட்டால் என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். நியாயமான கேள்வி. பொதுப்பணத்தைச் செலவிடுமுன் பொருளை அறிந்துகொள்வது நலம்.

காவிரி நீரில் மருந்து கலந்திருப்பது வெறும் வதந்தியன்று. சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் ஈராண்டு ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவுகளில், சிப்ரோஃபிளாக்சசின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தும் காணப்பட்டது. ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் நிலைமை இன்னும் கடுமை. மருந்தாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அம்மருந்து இருந்ததென 2007-இல் பிரசுரமாயிற்று. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அளவினும் இது மிகுதி! இத்தகைய நீரில் பிழைத்து நிற்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவை. நாளை நம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது மாத்திரை பலியாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி அத்தூளைப் பற்றி. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இல்மனைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து பிரித்தெடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, வெள்ளை வர்ணத்துக்கு உதவும் அதே தூள். ஒளி பட்டால் இது நீரையே பிரிக்கவல்லது என்பதை ஜப்பானிய அறிஞர் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் 1972-இல் எடுத்துக்காட்டினர். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தூளில் விழுந்ததும் அதன் எலக்ட்ரான் இடம்பெயர்கிறது. அதனால் நீரிலும் காற்றிலும் இருந்து மிகுந்த வேகமுள்ள துகள்கள் பிறந்து மருந்து மூலக்கூறைத் துண்டாடுகின்றன. தூளோ செலவாவதில்லை. சாயக்கழிவும் இவ்வாறே நிறமிழக்கும் என்பதை நெசவாள அங்கத்தினர் குறித்துக்கொள்ளலாம். ஆயினும் நிறம் போனதால் நீர் தூய்மையாயிற்று என்று கொள்ளலாகாது. உடைந்த துண்டுகளும் சில வேளை தீங்கு செய்யும்.

வாய்க்காலுக்கு இது ஏன் பொருந்தாது? வெயிலில் புற ஊதாக் கதிர் நூற்றில் ஐந்து பங்கு அளவே. ஆடிப் புதுப்புனலின் கலங்கல் அதையும் மறைத்துவிடும். ஓடும் நீர் பல மணி நேரம் நின்று காத்திராது. தூளும் அதனுடன் போய்விடும். ஆகவே தூளைக் களிமண்ணிலோ கண்ணாடியிலோ பதித்துப் பயன்படுத்த விஞ்ஞானிகள் முயல்கின்றனர். மருந்தாலையின் கழிவுநீர்த் தொட்டியே இதற்குத் தக்க இடம். வாய்க்காலுக்கென்று தூள் வாங்கும் தீர்மானத்தை நாம் ஆதரிக்க இயலாது. விற்க வருவோரிடம், நமது கலங்கல் நீரில் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மருந்து அழியும், தூளை மீட்பது எங்ஙனம் என எழுத்தில் கேளுங்கள்.

நம் வயலிலேயே இம்மருந்து உண்டென்பதையும் கூறவேண்டும். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்குத் தெளிக்கும் கலவையில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்பது பங்கு, டெட்ராசைக்ளின் ஒரு பங்கு. பயிருக்கு இதைத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவாணை வெளியிட்டது. குலை நோய் பூஞ்சணத்தால் வருவது. அதற்கு இம்மருந்தைத் தெளிப்பது வீண் செலவு. இலைக்கருகல் கண்ட வயலில் யூரியாவை நிறுத்தி, நீரை வடித்து, அந்நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் வரப்பைக் கட்டுக. தெளிப்பானை வாய்க்காலில் கழுவற்க.