நிலைக்கும் பழக்கம்

புத்தாண்டு பிறக்கும் வேளையில் பலரும் உறுதி பூணுவர். விடியற்காலையில் துயிலெழுதல், நாள்தோறும் நூல் படித்தல், கைபேசியைத் தள்ளி வைத்தல் என அவ்வுறுதிகள் பலவாகும். தைப்பொங்கல் வருவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மறந்துபோகின்றன. இதற்குச் சோம்பலே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால், உள்ளத்தின் எழுச்சி கடலலை போன்றது. அது எழும், பின்பு தணியும். அலை தணிந்த பின்னும் செயலைத் தாங்கி நிற்பது எது என்பதே அறியத்தக்கது.

அருவிப்புறமும் சிவகிரியும்

நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றின் ஓரமாக அருவிப்புறம் என்னும் சிற்றூர் உள்ளது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீ நாராயண குரு அங்குச் சிவலிங்கம் நிறுவினார். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு அது வழிபாட்டிடமாயிற்று. அதற்கு முன் அவர் தவம் செய்த இடங்களுள் ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மருந்துவாழ்மலை. அவர் தமிழிலும் பதிகங்கள் பாடியவர்.

வழிபடும் உரிமை கிடைத்தால் மட்டும் போதாது, மக்களின் அன்றாடப் பழக்கங்களும் மாறவேண்டும் என்று குரு கருதினார். மதுவை விலக்குமாறும், தூய்மையைப் பேணுமாறும், பிள்ளைகளைப் படிக்க வைக்குமாறும் வலியுறுத்தி வந்தார்.

1928ஆம் ஆண்டு ஜனவரியில் அன்பர் சிலர் கோட்டயத்தில் அவரைக் கண்டு, வர்க்கலையிலுள்ள சிவகிரிக்கு ஆண்டுதோறும் புனிதப்பயணம் செல்ல இசைவு வேண்டினர். குரு அதற்கு எளிய விதிகளை வகுத்தார். நோன்புக்குப் பத்து நாள் போதும் என்றார். உடல், உணவு, உள்ளம், சொல், செயல் ஆகிய ஐந்திலும் தூய்மை காக்க வேண்டும். ஆடைக்கெனப் பொருள் செலவிட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள வெள்ளாடையை மஞ்சள் நீரில் தோய்த்து உடுத்தினால் போதும். நாளும் குறிக்கப்பட்டது, பயணம் புத்தாண்டை ஒட்டி நிகழும்.

விதிகள் எளியவை எனினும் நோக்கம் பெரியது. கல்வி, தூய்மை, இறைபக்தி, ஒற்றுமையான அமைப்பு, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்னும் எட்டும் மக்களிடையே வளரவேண்டும் என்பதே அப்பயணத்தின் பயன் என்று அவர் விளக்கினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் குரு மறைந்தார். சில ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட முதற்குழுவில் ஐவர் மட்டுமே இருந்தனர். இன்றோ ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் மஞ்சளாடை உடுத்தியோர் பெருந்திரளாகச் சிவகிரிக்குச் செல்கின்றனர். சொன்னவர் மறைந்த பின்னும் பழக்கம் நிலைத்தது. ஏனெனில் அதன் காரணம் மக்களுடையதாகிவிட்டது.

மதுரையில் ஒரு முடிவு

1925ஆம் ஆண்டு குருவைச் சிவகிரியில் கண்டு உரையாடியவர் காந்தியடிகள். அவர் தம் பழக்கம் ஒன்றை மாற்றிக்கொண்ட வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் சென்னையிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டியில் சென்றார். உடன் வந்தோரிடம் கதர் உடுத்துமாறு கூறினார். கதர் வாங்க இயலாத அளவுக்கு ஏழ்மையில் இருப்பதாக அவர்கள் விடையளித்தனர். அவ்விடை அவர் நெஞ்சைத் தைத்தது. ஆடையைக் குறைக்கும் எண்ணம் முன்பும் அவருக்குத் தோன்றியதுண்டு. அப்போதெல்லாம் தயங்கி நின்றார். இம்முறை தயங்கவில்லை. செப்டம்பர் 22 அன்று மேலாடையையும் தொப்பியையும் நீக்கி, முழங்கால் அளவு ஆடை மட்டும் உடுத்தினார்.

அம்மாற்றத்தை அவர் முதலில் அக்டோபர் 31 வரைக்குமே அறிவித்தார். அந்நாள் கடந்தது, ஏழையரின் வறுமை தீரவில்லை. ஆகவே அவ்வாடையும் மாறவில்லை. 1931இல் இலண்டனில் மன்னரைக் கண்டபோதும், 1948இல் மறைந்தபோதும் அவர் எளிய ஆடையே உடுத்தியிருந்தார்.

ஒரு நாள் தவறினால்

பழக்கம் வேரூன்ற எத்தனை நாள் ஆகும்? இலண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனை ஆராய்ந்தது. ஏறத்தாழ 66 நாள் என்பது அதன் நடுக்கணக்கு. எனினும் சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று. சிலருக்கு எட்டு மாதங்களுக்கு மேலும் தேவைப்படும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே, ஒரு நாள் தவறியவர் மறுநாள் தொடர்வதே அறிவுடைமை.

வீட்டில் ஒரு பக்கம்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் கடைப்பலகைகளில் மலையாளத்தைக் காண்கின்றனர். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றனர். அவர்களுள் பலருக்குத் தமிழ் பேச வரும்; படிக்கும்போதுதான் நா தடுமாறும். தேர்வுக்காக மட்டும் தமிழ் படிக்கும் பிள்ளையின் ஊக்கம் தேர்வோடு முடிந்துவிடும். ஊரிலிருந்து பாட்டி எழுதும் மடலைப் பிறர் துணையின்றித் தானே படிக்க விரும்பும் பிள்ளைக்கு அவ்வூக்கம் எளிதில் தளராது.

அத்தகைய பிள்ளை பத்து நாளுக்கு மட்டும் உறுதி பூணலாம். நாள்தோறும் இரவு உணவு முடிந்ததும் ஒரு பக்கம் படிக்கலாம். அதைத் தம்பி தங்கைக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் தொடரலாம். பத்தாம் நாள் முடிந்ததும், எதற்காகத் தொடங்கியது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அக்காரணம் உள்ளத்தில் இருக்கும்வரை பதினோராம் நாளும் புத்தகம் திறக்கும்.