தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் சோர்வு போகவில்லையா? கவனிக்க வேண்டியது என்ன?

"தினமும் காலையில மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன். ஆனா இந்த அசதி மட்டும் போகவே மாட்டேங்குது."

தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. எட்டு மணி நேரம் தூங்கியும் எழுந்திருக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது, மதியம் ஆனால் கண் சொக்குகிறது என்பார்கள். இதில் சலித்துப்போய் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. 'தைராய்டை வேரோடு குணப்படுத்தும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளை நோக்கிப் போகிறவர்களும் உண்டு.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். போடுகிற மாத்திரை உடம்பில் சேர்கிறதா? சோர்வுக்குக் காரணம் தைராய்டு மட்டும்தானா?

தைராய்டு குறைந்தால் ஏன் சோர்வு வருகிறது?

கழுத்தின் முன்பக்கத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சிறிய சுரப்பிதான் தைராய்டு. இது டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. உடலின் செல்கள் எவ்வளவு வேகமாக சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இவை. இவை குறைந்தால் எல்லாமே மெதுவாகிவிடும். இதயத் துடிப்பு குறையும், குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும், மற்றவர்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிரும். தோல் வறண்டு போவது, முடி உதிர்வது, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, மறதி, மனச்சோர்வு, கொலஸ்ட்ரால் கூடுவது ஆகியவையும் வரலாம்.

ரத்தப் பரிசோதனையில் 'டிஎஸ்எச்' அதிகமாக இருந்தால் தைராய்டு குறைவு என்கிறார்கள். பலரைக் குழப்பும் விஷயம் இது. டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக அனுப்பும் உத்தரவு. வேலை மந்தமாக நடந்தால் சூப்பர்வைசர் குரலை உயர்த்துவார் இல்லையா? அதுபோலத்தான் தைராய்டு மந்தமானால் டிஎஸ்எச் ஏறும்.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்னை?

சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு உள்ளிட்ட 8 நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. அதில் சுமார் 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைவு இருந்தது. கிட்டத்தட்ட ஒன்பது பேரில் ஒருவர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, பரிசோதனை செய்யும்வரை அது இருப்பதே தெரியாது. ஆண்களைவிட பெண்களிடம் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இது காணப்பட்டது.

ஒரு காலத்தில் இந்தியாவில் தைராய்டு பிரச்னை என்றாலே அயோடின் பற்றாக்குறைதான். இமயமலை அடிவாரப் பகுதிகளில் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. 1962-ல் அரசு இதற்கென தேசியத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்ப்பதைப் படிப்படியாக விரிவுபடுத்தியது. இன்று தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தைராய்டு சுரப்பியை எதிரியாக நினைத்துத் தாக்கும் 'ஹஷிமோட்டோ' நோய். 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர் இது.

மாத்திரை என்ன செய்கிறது?

லெவோதைராக்ஸின் என்ற மாத்திரைதான் இதற்கான சிகிச்சை. உங்கள் சுரப்பி சுரக்க வேண்டிய அதே டி4 ஹார்மோனை இது வெளியிலிருந்து கொடுக்கிறது. சுரப்பியை இது குணப்படுத்துவதில்லை, குறைவதை ஈடு செய்கிறது. அதனால்தான் பெரும்பாலானவர்கள் இதை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் தைராய்டு குறைவு போன்ற சில வகைகள் தற்காலிகமானவை. அது எந்த வகை என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இன்று போடும் மாத்திரையில் பாதி, சுமார் ஒரு வாரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் மருந்து இது. "நாலு நாளா போடுறேன், ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சில வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கலாம், முழுத் தெம்பு திரும்ப சில மாதங்கள்கூட ஆகலாம். டோஸை மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

மாத்திரை உடம்பில் சேராமல் போவது எப்படி?

இந்த மாத்திரையின் அளவு மைக்ரோகிராமில் இருக்கிறது. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். 50 மைக்ரோகிராம் மாத்திரையில் நான்கில் ஒரு பங்கு உறிஞ்சப்படாமல் போனாலே வித்தியாசம் தெரியும். கவனிக்க வேண்டியவை இவை:

1. காபி, டீ: மாத்திரையைப் போட்ட கையோடு காபி குடிப்பது பல வீடுகளில் சாதாரணம். காபி இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டுவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். டீ, பால், கஞ்சி எல்லாவற்றுக்கும் இந்த இடைவெளி பொருந்தும்.

2. இரும்பு, கால்சியம் மாத்திரைகள்: இவை தைராய்டு மருந்தோடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் இருக்க வேண்டும். சத்து மாத்திரைகளிலும் இரும்பும் கால்சியமும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

3. 'கேஸ்' மாத்திரை: பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைக்கின்றன. மாத்திரை சரியாகக் கரைய அந்த அமிலம் தேவை. மாதக்கணக்கில் இவற்றை எடுப்பவர்களுக்கு தைராய்டு டோஸை மாற்ற வேண்டி வரலாம்.

4. விட்டு விட்டுப் போடுவது: ஊருக்குப் போனால் மறப்பது, பாட்டில் தீர்ந்தால் ஒரு வாரம் கழித்து வாங்குவது, பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவது. இதில் ரிப்போர்ட்டும் குழம்பும், டோஸும் குழம்பும்.

5. வைக்கும் இடம்: வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. அடுப்புப் பக்கத்து அலமாரியிலோ, வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். கம்பெனி பாட்டிலிலேயே மூடி வைப்பது நல்லது.

காலையில் இந்த இடைவெளி விட முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் ரம்ஜான் நோன்பு இருப்பவர்களுக்கும் இது வசதியாக இருக்கும். எந்த நேரம் என்றாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டே தவறாக வர வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் பலர் கடையில் வாங்கிப் போடுவது பயோட்டின் மாத்திரை. அதிக அளவு பயோட்டின், சில வகை தைராய்டு பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும். டிஎஸ்எச் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். 'எல்லாம் சரியா இருக்கு' என்றோ, 'டோஸ் அதிகமாகிவிட்டது' என்றோ தவறாக முடிவு செய்ய இது காரணமாகலாம். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, எடுத்து வந்த விஷயத்தை மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

டிஎஸ்எச் அளவு ஒரே நாளில்கூட நேரத்துக்கு நேரம் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே லேப்பில், காலை நேரத்தில், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க எளிது.

ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் சோர்வு. ஏன்?

மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, டிஎஸ்எச்சும் சரியான பிறகு சோர்வு தொடர்ந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தைராய்டு குறைவால் மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகி இரும்புச்சத்து குறையும். அதற்குக் கொடுத்த இரும்பு மாத்திரையை தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து சேராது. இரண்டு பிரச்னையும் ஒன்றையொன்று வளர்த்துவிடும்.

வைட்டமின் பி12 குறைபாடு இன்னொரு காரணம். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரை நோய்க்கு நீண்ட காலம் மெட்பார்மின் எடுப்பவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கப் பிரச்னை, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியவையும் இதே அசதியைத் தரும். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு வேறு சில தன்னெதிர்ப்பு நோய்களும் சேர்ந்து வரலாம்.

டிஎஸ்எச் லேசாக மட்டும் உயர்ந்து, டி4 நார்மலாக இருப்பவர்கள் தனி ரகம். 65 வயதைத் தாண்டிய இத்தகைய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் சோர்வில் வித்தியாசம் இல்லை. லேசான உயர்வுக்கு எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை.

அப்படியானால் டோஸைக் கூட்டிக்கொண்டால் தெம்பு வருமா?

வராது. தேவைக்கு அதிகமானால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நீண்ட நாள் தொடர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த டோஸில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவது இதனால்தான். உடல் எடையைக் குறைக்க இந்த மாத்திரையைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

எடையைப் பற்றி ஒரு விஷயம். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் சில கிலோக்கள்தான். அதிலும் பெரும்பங்கு உடலில் தேங்கும் உப்பும் நீரும். பத்து, இருபது கிலோ கூடியிருந்தால் பழியை தைராய்டு மேல் மட்டும் போட முடியாது.

உணவும் உடற்பயிற்சியும் எவ்வளவு உதவும்?

முட்டைக்கோஸ், காலிஃபிளவரை ஒதுக்க வேண்டியதில்லை. சமைத்து, வழக்கமான அளவில் சாப்பிடலாம். சோயா சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி விட வேண்டும். 'இயற்கையானது' என்று அயோடின் உப்பை விட்டு முழுவதும் இந்துப்புக்கு மாறுவது நல்லதல்ல. ஆனால் அயோடின் நல்லது என்று கடற்பாசி மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும் தவறு. அளவுக்கு மீறிய அயோடின், தைராய்டை மேலும் மந்தமாக்கக்கூடும்.

தெம்பை மீட்க நடைப்பயிற்சி உதவும். ஆனால் முதல் நாளே ஒரு மணி நேரம் வேண்டாம். 10 நிமிடத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டலாம். மந்தமான தைராய்டு தசைகளையும் பலவீனமாக்குவதால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற எளிய பயிற்சிகளைச் சேர்க்கலாம். பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் என ஒவ்வொரு வேளையும் ஏதாவது புரதம் இருக்கட்டும்.

கர்ப்பிணிகள் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

கருவில் உள்ள குழந்தையின் தைராய்டு முதல் மூன்று மாதங்களில் போதுமான அளவு வேலை செய்யாது. அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். "கர்ப்பமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு?" என்று வீட்டில் யாராவது சொன்னால், கேட்டு நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெண்களில் பலருக்கு, கர்ப்பம் உறுதியானதும் டோஸைச் சுமார் கால் பங்கு கூட்ட வேண்டியிருக்கும். முதல் ஸ்கேன் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே டிஎஸ்எச் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"டயர்டா இருக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள். மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எவ்வளவு நேரத்தில் காபி குடிக்கிறீர்கள், மாதத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது, வேறு என்னென்ன மாத்திரைகள், பொடிகள் எடுக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, சர்க்கரை பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். டோஸ் நிலையான பிறகும், வருடத்துக்கு ஒருமுறையாவது டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு அதிகத் தூக்கக் கலக்கம், குழப்பம், உடல் சில்லிட்டுப்போவது, மூச்சு மெதுவாவது போன்றவை தெரிந்தால், அது அவசர நிலை. அரிதாக வந்தாலும் உயிருக்கு ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கட்டுரையில் இருப்பவை பொதுவான தகவல்கள். மருத்துவரைக் கேட்காமல் டோஸைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம்.