மஞ்சள் அட்டையின் பத்து நாள்

அத்தை மகனுக்கு உகாண்டாவில் வேலை கிடைத்திருந்தது. விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஊசி, மஞ்சள் காய்ச்சலுக்கானது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். பாஸ்போர்ட்டைப் புரட்டிய செவிலியர், "என்னைக்கு ஃப்ளைட்?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை, சிஸ்டர்."

எட்டு நாள் இருந்தது.

"இன்னைக்கே போட்டாலும் பத்து நாள் கழிச்சுத்தான் தம்பி ஊசிக்குத் தர்ற மஞ்சள் கார்டு செல்லும். ஊசியைப் போட்டுக்குங்க, டிக்கெட்டைத் தள்ளி வைங்க."

வெளியே வந்ததும் அவனுக்கு எரிச்சல். எட்டு நாள் போதாது, பத்து நாள் வேண்டும் என்று எவன் கணக்குப் போட்டான் என்றான். நியாயமான கேள்வி. விசாவுக்கு ஒட்டும் புகைப்படத்தின் அளவு, வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்ல வேண்டும் என்பது எல்லாம் மனிதர்கள் கூடிப் பேசி வைத்த எண்கள். நாளைக்கே மாற்றலாம். இந்தப் பத்தை அப்படி மாற்ற முடியாது. அதை எழுதியது நம் உடம்பு. அதே விதியில் ஆறு என்றொரு எண்ணும் இருக்கிறது. அது ஒரு வைரஸ் எழுதியது. இவை இரண்டுக்கும் பின்னால், எந்தப் படிவத்திலும் அச்சாகாத மூன்றாவது எண் ஒன்று உண்டு. அது கொசுவின் கணக்கு.

மஞ்சள் காய்ச்சல் என்றதும் நம் ஊரில் பலர் மஞ்சள் காமாலையை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. டெங்கு வைரஸுக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கும் நெருங்கிய உறவான ஒரு வைரஸால் வருவது. காய்ச்சல், தலைவலி, முதுகை முறிக்கும் வலி, வாந்தி என்று தொடங்கும். மூன்று நான்கு நாளில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். சிலருக்கு மட்டும், தேறியதுபோல் தெரிந்த ஒரு நாளுக்குள் காய்ச்சல் திரும்பி வரும். கல்லீரல் கெட்டு உடம்பு மஞ்சளாகும். வாயிலும் மூக்கிலும் வயிற்றிலும் இரத்தம் கசியும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பதில்லை. வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை கிடையாது.

1793இல் அமெரிக்காவின் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவில் சுமார் 5,000 பேரை இது கொண்டுபோனது. நகரத்தில் பத்தில் ஒருவர். எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கெட்ட காற்று என்றார்கள், நோயாளியின் துணிமணி என்றார்கள். 1881இல் ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே மட்டும், இது கொசுவின் வேலை என்றார். எந்தக் கொசு என்றும் சரியாகச் சொன்னார். நாம் இன்று ஏடிஸ் எஜிப்டி என்று அழைக்கும் அதே டெங்குக் கொசு.

யாரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நோயாளியைக் கடித்த கொசுவை ஃபின்லே இரண்டு நாள், ஐந்து நாள் வைத்திருந்து நலமான ஒருவரைக் கடிக்கவிடுவார். நோய் ஐயத்துக்கு இடமில்லாமல் வந்ததே இல்லை. கருத்து சரி, கொசுவும் சரி, ஆனால் சோதனை தோற்றுக்கொண்டே இருந்தது. இருபது ஆண்டுகள் அவர் அந்த ஏளனத்தோடு வாழ்ந்தார் என்பதை நினைக்கையில் எனக்கு மனம் கனக்கிறது.

பூட்டைத் திறந்தது எந்த ஆய்வுக்கூடமும் அல்ல, கிராமத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த குறிப்புகள். 1898இல் மிசிசிப்பி மாநிலத்தின் இரண்டு சிறு ஊர்களில் ஹென்றி கார்ட்டர் என்ற மருத்துவர், யார் எந்தத் தேதியில் படுத்தார்கள் என்று பொறுமையாக எழுதிவந்தார். ஒரு விசித்திரம் தெரிந்தது. முதல் நோயாளி வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு அந்த வட்டாரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அதன் பிறகுதான் அடுத்தடுத்து விழுகிறார்கள். நோய் மனிதனிடமிருந்து மனிதனுக்கு நேராகத் தாவினால் இந்த இடைவெளி எதற்கு? நடுவே எங்கோ அது காத்திருக்கிறது.

காத்திருந்த இடம் கொசுவின் உடம்பு. உறிஞ்சிய இரத்தத்தோடு வைரஸ் முதலில் கொசுவின் குடலுக்குப் போகிறது. அங்கே பெருகி, குடல் சுவரைக் கடந்து, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. வெயிலைப் பொறுத்து இதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை அந்தக் கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதற்குப் பின், சாகும்வரை அது கடிக்கும் ஒவ்வொரு கடியும் ஆபத்து. ஃபின்லே கொசுக்களை இன்னும் ஒரு வாரம் உயிரோடு வைத்திருந்திருந்தால் போதும்.

1900இல் கியூபாவுக்கு வந்த வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க ராணுவ மருத்துவக் குழுவுக்கு ஃபின்லே தாம் வளர்த்த கொசுவின் முட்டைகளைக் கொடுத்தார். முதலில் அவர்களுக்கும் தோல்விதான். பிறகு, நோயாளியைக் கடித்துப் பன்னிரண்டு நாள் ஆன ஒரு கொசுவைக் குழுவின் மருத்துவர் ஜேம்ஸ் கரோல் தம் கையில் கடிக்கவிட்டார். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். அவருடைய தோழர் ஜெஸ்ஸி லஸியர் திரும்பவில்லை. 1900 செப்டம்பர் 25 அன்று இறந்தார், வயது 34. அவர் பெயரிலேயே அமைத்த முகாமில் இன்னொரு சோதனையும் நடந்தது. நோயாளிகளின் வாந்தியும் மலமும் படிந்த போர்வைகளில், கொசு புகாத அறைக்குள், தொண்டர்கள் இருபது இரவுகள் படுத்துறங்கினார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. துணியைக் கொளுத்தியும் கடிதங்களைப் புகைபோட்டும் கழித்த நூற்றாண்டு அந்த அறையில் முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏடிஸ் கொசு நம்மிடம் தாராளமாக இருக்கிறது. மாடியில் கிடக்கும் டயர், பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, இவற்றில் தேங்கும் நல்ல தண்ணீர் போதும் அதற்கு. டெங்குக்காக வீடு வீடாக வந்து தொட்டியை எட்டிப் பார்க்கும் பணியாளர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மஞ்சள் காய்ச்சல் வைரஸ் இந்தியாவில் இல்லை. ஆசியாவில் எங்குமே அது வேரூன்றியதில்லை. ஏன் என்பதற்கு அறிஞர்களிடம் பல ஊகங்கள் உண்டு. ஏற்கெனவே டெங்குவைக் கண்ட உடம்புகள் ஓரளவு எதிர்த்து நிற்கின்றன என்பது அவற்றில் ஒன்று. எந்த ஊகத்தையும் நம்பிக் கதவைத் திறந்துவைக்க முடியாது. வத்திப்பெட்டி இருக்கிறது, காய்ந்த ஓலையும் இருக்கிறது, நெருப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

இந்தப் பயம் பழையது. பனாமா கால்வாய் வெட்டி முடியும் தறுவாயில், அமெரிக்கக் கண்டத்தின் காய்ச்சல் கப்பலேறிப் பசிபிக் வழியாக ஆசியாவுக்கு வந்துவிடுமோ என்று மருத்துவர்கள் கலங்கினார்கள். இந்தியாவை மஞ்சள் காய்ச்சலிலிருந்து காப்பது எப்படி என்று எஸ்.பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி 1913இலேயே நீண்ட கட்டுரை எழுதினார்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, மனிதர்களைத் தாண்டியது. 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தக் காய்ச்சலில் படுத்திருந்த அசிபி என்ற 28 வயது இளைஞரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினார்கள். அசிபி பிழைத்தார். குரங்கு சில நாளில் செத்தது. ஆப்பிரிக்கக் குரங்குகள் பெரும்பாலும் இந்த வைரஸோடு ஒத்து வாழப் பழகியவை. ஆசியக் குரங்குகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கும் நம் தெருவுக்கு வரும் நாட்டுக் குரங்கும் ரீசஸ் குரங்கின் பேரினத்தைச் சேர்ந்தவைதான். பிரேசில் காடுகளில் அலறும் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தால், மனிதர்களுக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று சுகாதாரத் துறை புரிந்துகொள்கிறது. காட்டுக்குள் குடியேறிய வைரஸைப் பிறகு வெளியேற்ற வழியில்லை. மனிதர்களுக்கு ஊசி போடலாம், மரத்து உச்சியில் இருப்பவற்றுக்கு யார் போடுவது?

அதனால்தான் ஆறு நாள். லாகோஸில் விமானம் ஏறுவதற்கு முந்தைய மாலை ஒருவரை நோய்க்கொசு கடித்தது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல் வர மூன்று முதல் ஆறு நாள் ஆகும். மறுநாள் மும்பையில் இறங்கும்போது அவர் நன்றாக இருப்பார். எந்த வெப்பமானியும் அவரைப் பிடிக்காது. மூன்று நாள் கழித்துக் காய்ச்சலில் படுப்பார். அப்போது பகலில் கடிக்கும் நம் வீட்டு ஏடிஸ் அவரைக் கடிக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் அது தயாராகிவிடும். பக்கத்து வீட்டில் முதல் ஆள் விழும்போது, ஆப்பிரிக்கா போய்வந்தவரை எல்லோரும் மறந்திருப்பார்கள். இந்தச் சங்கிலியை அறுக்க எளிய இடம் முதல் கண்ணிதான். அட்டை இல்லாமல் வருகிறவரை, கடைசியாகக் கடிபட்டிருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு நாள்வரை கொசு அண்டாத இடத்தில் தனியே வைக்கிறார்கள். இறங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சர்வதேச சுகாதார விதிகளில் இந்த நோயின் அடைகாலம் ஆறு நாள் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அதே விதிகள் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் சுற்றி 400 மீட்டருக்காவது கொசுவை ஒழிக்கச் சொல்கின்றன.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உகாண்டா, கானா போன்ற நாடுகள் உள்ளே வருகிற எல்லோரிடமும் அட்டை கேட்கும். கென்யாவோ நோய் உள்ள நாட்டிலிருந்து வருகிறவரிடம்தான் கேட்கும். சென்னையிலிருந்து நேராகப் போனால் நைரோபியில் கேட்காமலே விட்டுவிடலாம். ஊசி தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்தவர், திரும்பி வரும்போது சொந்த ஊர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். அங்கே அட்டை கேட்பது இந்தியா. எத்தியோப்பியா வழியாக விமானம் மாறி வந்தாலும் கேட்கக்கூடும். நமக்கு வேண்டிய காவலை நம் வாசலில்தான் போட முடியும்.

பத்துக்கு வருகிறேன். அசிபியின் இரத்தத்தில் கிடைத்த வைரஸை வைத்துத்தான் தடுப்பூசி பிறந்தது. விலை பெரியது. அந்த ஆய்வில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927இல் லாகோஸில் இதே காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டு அக்ராவில் ஜப்பானிய அறிஞர் ஹிடேயோ நொகுச்சியும், சில நாளில் அவருடைய சக மருத்துவர் வில்லியம் யங்கும் போனார்கள். நியூயார்க்கில் மேக்ஸ் தைலர் என்ற தென்னாப்பிரிக்கர், அசிபி வைரஸை முதலில் எலிக்கருவின் திசுவிலும் பிறகு கோழிக்கருவின் திசுவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்தார். கோழித்திசுவில் வாழப் பழகப் பழக, மனித உடம்பைக் குலைக்கும் திறனை அது இழந்தது. 1937இல் வெளிவந்த அந்த 17டி என்ற வகைதான் இன்றும் கிண்டியில் கையில் ஏறுகிறது. கோழி முட்டையில் வளர்ப்பதால்தான் முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறார்கள். தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

இது உயிருள்ள வைரஸ். ஊசி போட்டதும் மெல்லப் பெருகுகிறது. சிலருக்கு லேசாக உடம்பு சுடும். அதைப் பார்த்து நம் எதிர்ப்பாற்றல் விழித்து, இந்த வைரஸுக்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. பத்து நாளில் ஊசி போட்டவர்களில் 80 முதல் 100 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. முப்பது நாளில் 99 சதவீதத்துக்கும் மேல். எட்டாம் நாளில் விமானமேறினால் பாதிச் சுவர் எழும்பிய வீட்டில் குடிபோவது மாதிரி. அவசரம் என்பதற்காக உடம்பு வேலையை விரைவுபடுத்தாது.

முன்பு அட்டைக்குப் பத்தாண்டு ஆயுள். பிறகு, இரண்டாம் உலகப் போரில் ஊசி போட்டுக்கொண்ட வீரர்களை முப்பது ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் எதிர்ப்பொருள் இருந்தது போன்ற சான்றுகள் சேர்ந்தன. 2016 ஜூலை 11 முதல் அட்டை வாழ்நாள் முழுவதும் செல்லும். பத்தாண்டு என்று எழுதிய பழைய அட்டையும் அப்படியே.

அதே ஆண்டு, எல்லாரும் பயந்தது நடந்தது. அங்கோலாவில் நோய் வெடித்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்கள் ஊர் திரும்பியபோது 11 பேரிடம் வைரஸ் இருந்தது. ஆசியாவுக்கு அது வந்து சேர்ந்தது அதுவே முதல் முறை. நல்லவேளையாகப் பரவவில்லை. உலகின் தடுப்பூசிக் கையிருப்பு கரைந்துபோய், அங்கோலாவின் அண்டை நாடான காங்கோவின் கின்ஷாசாவில் ஒரு ஊசியை ஐந்தாகப் பங்கிட்டு இலட்சக்கணக்கானோருக்குப் போட்டார்கள். அந்தக் கால் தேக்கரண்டிக்கும் குறைந்த மருந்துக்காக அங்கே குழந்தையோடு வரிசையில் நின்றவர்கள் இருக்க, ஊசியே போடாமல் காசு கொடுத்து முத்திரை மட்டும் வாங்கிக்கொள்ளும் பயணிகளை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அந்த முத்திரையைப் படிக்கக் கொசுவுக்குத் தெரியாது.

அத்தை மகன் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு, பதினொன்றாம் நாள் கிளம்பினான். ஓராண்டு கழித்து விடுமுறையில் வந்தபோது அழைத்துவர நான் மீனம்பாக்கம் போயிருந்தேன். குடியேற்றச் சோதனைக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் அட்டையை வாங்கி, தேதியையும் முத்திரையையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். அரை நிமிடம்கூட ஆகவில்லை என்றான். வெளியே சாயங்கால வெயில். டாக்ஸிக்காக நின்றபோது அவன் கணுக்காலில் ஒரு கொசு உட்கார்ந்து, வயிறு நிறையக் குடித்துவிட்டுப் பறந்தது. அவன் இரத்தத்திலிருந்து அது எடுத்துப்போக ஒன்றுமில்லை.