பைக் ட்யூனிங்: சைலன்ஸரை மாற்றினால் வாரன்டி போய்விடுமா? செலவு எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது?

"வண்டி நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் புல்லிங் இருந்தா செமையா இருக்கும்." புது பைக் எடுத்து முதல் சர்வீஸ் முடிந்த கையோடு பலருக்கும் வருகிற ஆசை இது. அடுத்து யூடியூப். சென்னைவாசி என்றால் அதற்கடுத்து ஜி.பி. ரோடு. சைலன்ஸர், ஏர் ஃபில்டர், ஈசியூ மேப்பிங் என்று பேச்சு நீளும், கடைக்காரர் ஒரு விலையும் சொல்லிவிடுவார். ஆனால் அந்த விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். மீதியைத் தெரிந்துகொள்ள வாரன்டி புத்தகம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் பாலிசி என மூன்றையும் புரட்ட வேண்டும். அதுவும் வண்டிக்கு இன்னும் இரண்டு வருட இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்போது இன்ஜின் படுத்துவிட்டால், பில் யார் தலையில் விழும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

ட்யூனிங்கில் என்னதான் செய்கிறார்கள்?

பெட்ரோல் இன்ஜின் செய்வது ஒரே வேலை: காற்றையும் பெட்ரோலையும் கலந்து எரிப்பது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று இருந்தால் எல்லாம் முழுமையாக எரியும். கூடுதல் காற்று உள்ளே போகவும், புகை சீக்கிரம் வெளியேறவும் வழி செய்து, அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிக் கொடுத்தால் சக்தி கொஞ்சம் கூடும். ட்யூனிங்கின் அடிப்படை அவ்வளவுதான்.

யமஹா ஆர்எக்ஸ் 100 காலத்தில் இதை மெக்கானிக் அண்ணன் ஜெட் மாற்றி, ஸ்க்ரூவைத் திருகி, காதால் கேட்டே செய்துவிடுவார். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் அளவை முடிவு செய்வது ஈசியூ என்கிற சின்னக் கம்ப்யூட்டர். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கொடுக்கும் தகவலை வைத்து, கலவையை அது நொடிக்கு நொடி சரி செய்துகொண்டே இருக்கும். அதே குழாயில், நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உட்கார்ந்திருக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண வேகத்தில் போகும்போது சென்சாரைப் பார்த்து ஈசியூ சமாளித்துவிடும். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால் பெரும்பாலான வண்டிகளில் அது சென்சாரை ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்த அட்டவணைப்படி பெட்ரோல் ஊற்றும். அந்த அட்டவணை கம்பெனி சைலன்ஸருக்காக எழுதப்பட்டது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்ஸரும் ஏர் ஃபில்டரும் மாட்டி, மேப்பை மட்டும் மாற்றாமல் விட்டால் காற்று அதிகமாகி பெட்ரோல் குறையும். சூடு ஏறும். நீண்ட நாள் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் அடி வாங்கும். சத்தம் கூடியதை 'பவர் கூடிடுச்சு' என்று நம்பிக்கொண்டு ஓட்டுபவருக்கு இது தெரியவே தெரியாது.

சைலன்ஸரிலேயே இரண்டு வகை உண்டு. கடைசித் துண்டை மட்டும் மாற்றுவது ஸ்லிப்-ஆன். இன்ஜினிலிருந்தே முழுக் குழாயையும் மாற்றுவது ஃபுல் சிஸ்டம். ஸ்லிப்-ஆனில் பெரும்பாலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தப்பித்துவிடும். எடை குறையும், சத்தம் மாறும், பவர் பெரிதாகக் கூடாது. ஃபுல் சிஸ்டத்தில் பல நேரம் கன்வெர்ட்டரே இருக்காது. பவரும் அதில்தான் கொஞ்சம் கிடைக்கும், வம்பும் அதில்தான்.

கணக்குப் போட்டால் எவ்வளவு வரும்?

விலை கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி மாறும். தோராயமாகச் சொன்னால், உள்ளூர் தயாரிப்பு ஸ்லிப்-ஆன் ஒன்று 5,000 முதல் 15,000 ரூபாய். ஆக்ரபோவிச் மாதிரி வெளிநாட்டுச் சரக்கு என்றால் அரை லட்சத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் ஏர் ஃபில்டர் 3,000 முதல் 6,000. ஈசியூவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் செருகப்படும் 'பிக்கிபேக்' பெட்டி 15,000 முதல் 30,000. பெங்களூருவின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் 'பவர்ட்ரானிக்' இந்த வகையில் நம்மூரில் பிரபலம். ஈசியூவுக்குள்ளேயே மேப்பை மாற்றி எழுதுவது இன்னொரு வழி. அதற்குப் பெயர் ஃப்ளாஷிங்.

சென்னை ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். 648 சி.சி., கம்பெனி கணக்கில் சுமார் 47 குதிரைத்திறன். ஜோடி சைலன்ஸர் 30,000, ஃபில்டர் 5,000, பிக்கிபேக் 25,000, டைனோ ட்யூனிங்கும் கூலியும் 8,000 என்று வைத்தால் மொத்தம் 68,000 ரூபாய். எல்லாம் ஒழுங்காக நடந்து 4 குதிரைத்திறன் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்கு 17,000 ரூபாய்! பந்தயத்தில் ஓட்டுபவருக்கு அந்த நான்கு குதிரை முக்கியம். வேளச்சேரி சிக்னலில் நிற்பவருக்கு?

கூடியதா இல்லையா என்பதைச் சரிபார்க்கவும் ஒரு வழி வேண்டும். கம்பெனி சொல்லும் சக்தி இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. டைனோ அளப்பது பின்சக்கரத்தில். கியர், செயின் வழியாக வரும்போதே 10 முதல் 15 சதவீதம் வரை காணாமல் போகும். எனவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ட்யூனிங்குக்கு முன்னும் பின்னும், அதே டைனோவில், முடிந்தால் அதே நாளில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டைக் கேளுங்கள். 'அதெல்லாம் ஓட்டிப் பார்த்தாலே தெரியும் ப்ரோ' என்று பதில் வந்தால், பணத்தை மெதுவாக எடுக்கலாம்.

கையோடு வரும் தொடர் செலவுகளும் உண்டு. பெட்ரோல் அதிகம் ஊற்றும் மேப்பில் மைலேஜ் இறங்கும். சில மேப்கள் 95 ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்த்து எழுதப்படுபவை. சாதாரண பெட்ரோல் நீண்ட காலம் 91 ஆக்டேனாக இருந்தது. தவறிப்போய் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றி முறுக்கினால் இன்ஜினில் 'டிக் டிக்' என்று நாக்கிங் கேட்கும்.

வாரன்டி மொத்தமும் போய்விடுமா?

வாரன்டி என்பது தயாரிப்புக் குறைபாட்டுக்கு கம்பெனி தரும் உறுதி. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் போன்ற தேய்மானப் பொருட்கள் வழக்கமாக அதில் வராது. பந்தயத்தில் ஓட்டினாலோ, கம்பெனி அனுமதிக்காத மாற்றம் செய்தாலோ பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரியும் ஏறக்குறைய எல்லா வாரன்டி புத்தகத்திலும் இருக்கும். வண்டி டெலிவரி அன்றே கையெழுத்துப் போட்டிருப்போம், படித்திருக்க மாட்டோம்.

அந்த வரி எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் விஷயம். கண்ணாடியை மாற்றியதற்காக இன்ஜின் வாரன்டியை மறுப்பதற்கு நியாயம் கிடையாது. ஆனால் ட்யூனிங் நேராக ஈசியூவில் கை வைக்கிறது; ஈசியூவோ இன்ஜின் முழுவதையும் ஆள்கிறது. வால்வு எரிந்தாலும், ஹெட் கேஸ்கெட் போனாலும், ஆக்சிஜன் சென்சார் செத்தாலும் 'நீங்க போட்ட மேப்தான் காரணம்' என்று சர்வீஸ் சென்டர் சொல்ல இடம் கிடைத்துவிடும். அதை இல்லை என்று காட்டுவது வாடிக்கையாளருக்கு லேசான வேலை இல்லை.

சர்வீஸுக்கு விடும்போது எல்லாவற்றையும் கழற்றி ஒரிஜினலை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற யோசனை இந்த வட்டாரத்தில் ரொம்பப் பழசு. பிக்கிபேக்கில் இது ஓரளவு நடக்கும். ஃப்ளாஷ் செய்த ஈசியூவை டயக்னாஸ்டிக் டூலில் செருகினால், உள்ளே இருப்பது கம்பெனி மென்பொருளா என்பது தெரிந்துவிடும். எத்தனை முறை மாற்றி எழுதப்பட்டது என்று எண்ணி வைக்கும் ஈசியூக்களும் உண்டு. இது போக நீலம் பாய்ந்த குழாய், ஸ்பார்க் பிளக்கின் நிறம், போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தழும்பு எல்லாமே அனுபவசாலி மெக்கானிக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

பவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றிலும் வாரன்டி அடிபடும்: வயரை வெட்டுவது. எக்ஸ்ட்ரா ஃபாக் லைட், பெரிய ஹாரன் என்று கம்பெனி வயரிங்கை வெட்டி டேப் சுற்றிவிட்டால், பிறகு எலக்ட்ரிக்கல் பக்கம் எது கெட்டாலும் அந்த டேப்பைத்தான் காட்டுவார்கள். வெட்டாமல் செருகும் கப்ளர் கிட் சில நூறு ரூபாய்தான் கூட ஆகும்.

வாடிக்கையாளர் பக்கம் பேசும் தீர்ப்பு ஒன்றும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளிக்கடையில் ரிப்பேர் செய்தார் என்பதற்காக மட்டுமே ஒட்டுமொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பேசப்பட்டதும் கார், ரிப்பேர் பற்றித்தான், ட்யூனிங் பற்றி அல்ல. இருந்தாலும் 'சேதத்துக்கும் மாற்றத்துக்கும் தொடர்பைக் காட்டு' என்று கேட்க அது ஒரு பிடி.

இதே தர்க்கத்தை அமெரிக்கா 1975-லேயே மேக்னூசன்-மாஸ் வாரன்டி சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. அங்கே ஹார்லி-டேவிட்சன் இரண்டு பக்கமும் இடி வாங்கியது வேடிக்கை. பவரைக் கூட்டும் 'சூப்பர் ட்யூனர்' கருவிகளைத் தானே விற்று மாசு விதிகளை மீறியதாக எழுந்த வழக்கில், 2016-ல் 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2008 முதல் சுமார் 3.4 லட்சம் கருவிகள் விற்கப்பட்டிருந்தன. தவறு செய்ததாக நிறுவனம் ஏற்கவில்லை. 2022-ல், வெளி உதிரிபாகம் போட்டால் வாரன்டி கிடையாது என்று மிரட்டியதற்காக, மத்திய வர்த்தக ஆணையம் அதே நிறுவனத்தின் வாரன்டி வாசகத்தையே திருத்த வைத்தது.

போலீஸ் பிடித்தால்?

வாரன்டி போனால் பணம் போகும். சட்டம் வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவு: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அதோடு லைசென்ஸுக்கும் மூன்று மாதம் தடை. பைக்குகளுக்கு அனுமதிக்கப்பட்ட சத்த அளவு 80 முதல் 175 சி.சி. வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். தயாரிப்பு நிலையில் ஓடும் வண்டியை வைத்து அளக்கப்படுவது இது. பறிமுதல் செய்த சைலன்ஸர்களை வரிசையாகப் போட்டு ரோடு ரோலர் ஏற்றும் வீடியோக்களைப் பார்க்காதவர் குறைவு.

இன்ஷூரன்ஸில் சிக்கல் இன்னும் மௌனமானது. மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால், சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளெய்ம் குறைக்கப்படலாம், மறுக்கவும் படலாம்.

வாரன்டி கெடாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். கம்பெனியே தரும் வழி முதலில். டி.வி.எஸ். 2021-ல் அப்பாச்சி ஆர்.ஆர். 310-க்கு 'பில்ட் டு ஆர்டர்' கொண்டு வந்தது. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் கொண்ட டைனமிக் கிட், குனிந்து ஓட்டும் நிலைக்கான ரேஸ் கிட் ஆகியவை ஆலையிலேயே மாட்டி வரும். ராயல் என்ஃபீல்டும் தன் பெயரில் ஆக்சஸரி விற்கிறது. ஷோரூமில் மாட்டுவதெல்லாம் கம்பெனி பொருள் அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டீலரே வெளியில் வாங்கி மாட்டும் பொருளும் உண்டு. பில்லில் பார்ட் நம்பரோடு எழுதி வாங்குவது நல்லது.

புல்லிங் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஸ்ப்ராக்கெட் பக்கம் பார்க்கலாம். முன்பக்கம் 15 பல் இருக்கும் இடத்தில் 14 போட்டால் இழுவை சுமார் 7 சதவீதம் கூடும், டாப் ஸ்பீடு குறையும். செலவு மிகச் சொற்பம். இதுவும் மாற்றம்தான், அதனால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யலாம். நல்ல டயர், புது பிரேக் பேட், சரியான செயின் டென்ஷன் தரும் வித்தியாசம் பல நேரம் அந்த நான்கு குதிரையை விடப் பெரிது. முழு ட்யூனிங்தான் வேண்டும் என்பவர்கள் வாரன்டி முடிந்த வண்டியை ட்ராக்குக்கு என்றே ஒதுக்கிவிடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் பக்கம் போனால் இப்படிப்பட்ட வண்டிகளைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, சம்பந்தமில்லாத பாகத்துக்கும் வாரன்டி மறுக்கிறார்கள் என்றால், வாய்மொழி பதிலோடு திரும்ப வேண்டாம். எந்த மாற்றம், எந்தச் சேதத்துக்கு, எப்படிக் காரணம் என்று ஜாப் கார்டிலோ மெயிலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.