ஒட்டிக்கொண்டு உடைக்கும் எலக்ட்ரான்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய், ரேடியேஷன் சிகிச்சை என்றதும், கதிர் நேரே போய் நோய்ச் செல்லைச் சுட்டுப் பொசுக்கும் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். பாதிப் பயம் அந்த எண்ணத்தால் வருவது. நடப்பது வேறு.

உடலுக்குள் நுழையும் கதிர், வழியில் உள்ள மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்துத் தள்ளிக்கொண்டே போகிறது. பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் சக்தி செலவானால், பல்லாயிரம் எலக்ட்ரான்கள் கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவற்றின் கையிருப்பு 20 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. பரம ஏழைகள்! இவற்றால் என்ன ஆகிவிடும் என்று வெகு காலம் யாரும் அதிகமாகப் பொருட்படுத்தவில்லை.

2000ஆம் ஆண்டில் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர், உலர்ந்த டி.என்.ஏ. படலத்தின் மீது 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எலக்ட்ரான்களைச் செலுத்திப் பார்த்தார்கள். இழைகள் அறுந்தன. டி.என்.ஏ.விலிருந்து இன்னொரு எலக்ட்ரானைப் பெயர்க்கக்கூடச் சக்தியற்றவையும் அறுத்தன என்பதுதான் வியப்பு.

காரணத்தைச் சிறிய மூலக்கூறு ஒன்றில் பார்ப்போம். கார்பன் டெட்ராகுளோரைடில் ஒரு குளோரினைப் பிரிக்கச் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆனால் அநேகமாகச் சக்தியே இல்லாத எலக்ட்ரானும் அதைப் பிரித்துவிடுகிறது. எப்படி? மூலக்கூறில் காலியாக ஓர் இடம் உண்டு. அதில் எலக்ட்ரான் வந்து குடியேறினால், பிணைப்பு தளர்கிறது. குளோரினுக்கோ எலக்ட்ரான் மீது தீராத ஆசை. ஒன்று கிடைத்தால் 3.6 எலக்ட்ரான் வோல்ட்டை வெளிவிடும். செலவு 3, வரவு 3.6. நம் வீட்டு பட்ஜெட்டில் இப்படி நடந்ததாக நினைவில்லை.

எல்லா எலக்ட்ரானும் இப்படி ஒட்டிக்கொள்ளாது. அந்தக் காலி இடத்துக்குப் பொருந்தும் சக்தியோடு வர வேண்டும். மிக வேகமாக வந்தால் கடந்து போய்விடும். ஒட்டிய பிறகும், அணுக்கள் விலகுவதற்குள் எலக்ட்ரான் நழுவிவிட்டால் பிணைப்பு பிழைத்துக்கொள்ளும்.

உயிருள்ள செல்லில் தண்ணீரும் இருக்கிறது. அது உடைந்து உண்டாகும் ஹைட்ராக்சில் துணுக்குகளும் டி.என்.ஏ.வைத் தாக்குகின்றன, யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் முடியவில்லை. அறுபடுவது நோய்ச் செல்லின் இழை மட்டுமல்ல, அண்டையிலுள்ள நல்ல செல்லின் இழையும்தான். ஆனால் நல்ல செல் பொதுவாகத் தன்னை நன்றாகச் செப்பனிட்டுக்கொள்ளும். அதற்கு அவகாசம் தரவே ஒரே நாளில் கொடுத்து முடிக்காமல், தினமும் சிறிது சிறிதாக வாரக்கணக்கில் வரச் சொல்கிறார்கள்.